இடது கைச் சுருட்டு

“இது தேறாதும்மா. தள்ளிடுங்க.”

காஜா மைதீன் சுருட்டைச் சாம்பல் தட்டில் வைத்தார். வைத்தார் என்ன, நசுக்காத குறைதான்.

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கம்பெனியில் எந்தச் சுருட்டு கடைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று ருசி பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். பொம்பளை சுருட்டு குடிக்கிறாள் என்று ஒரு காலத்தில் திண்டுக்கல்லே சிரித்தது. இப்போது அவள் முகம் சுளித்தால் முதலாளிக்குச் சோறு இறங்காது.

அவளைவிடப் பத்து வயது மூத்தவர் காஜா மைதீன். அவளிடம் ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர்.

கம்பெனி புதிதாக, விரல் நீளத்தில் ஒரு சின்னச் சுருட்டு இறக்கப் போகிறது. உயர்ந்த சரக்கு. அதற்கு இரண்டு கலவைகள் வந்திருந்தன. கலந்தவரே சுருட்டியும் தர வேண்டும். எது எடுபடுகிறதோ, அதைக் கலந்தவர் பொறுப்பில்தான் இனி அந்தச் சுருட்டு. யார் கலந்தது என்று ருசி பார்க்கிறவருக்குச் சொல்வதில்லை.

“இன்னைக்கு நீங்க சொல்றதுதான் முடிவு” என்று பிலோமினா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

“என்ன குறை, பாய்?”

“கசக்குது. நுனி நாக்குல சுருக்குன்னு ஏறுது. மேல இழுக்க முடியல.”

“மொதல்ல பார்த்தது?”

“அது தங்கம்! கடைசியில லேசா வெல்ல வாசம். சாம்பல்கூட உதிராம நின்னுச்சே.”

“இதுக்குச் சாம்பல் நின்னுச்சா?”

“பார்க்கலம்மா.”

“யார் சுருட்டினது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

பச்சைப் பொய். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. மேல் இலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கம்பெனியில் இடது கைக்காரி ஒருத்திதான். அவர் மனைவி ஜைத்தூன்.

“எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்” என்றாள் பிலோமினா.

பாய் வெடித்தார்.

“தெரியும்! நல்லாருக்குன்னு சொன்னா ஊரு சும்மா விடுமா? பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுறான்னு சிரிக்காதா? அப்புறம் என் நாக்குக்கு என்ன மரியாதை?”

“அப்ப கசக்கல?”

“கசந்துச்சும்மா! அல்லா மேல சத்தியமா கசந்துச்சு.”

அதில் பொய் இல்லை. பாவம், கசந்ததும் அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. அடுத்த கணமே நெஞ்சு வலித்தது. இந்தக் கலவைக்காக ஜைத்தூன் மாதக்கணக்கில் இலையை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க என்று அவரிடம் வாய் திறந்து கேட்டதில்லை.

“கசந்திருக்கும் பாய், நம்புறேன்” என்றாள் பிலோமினா. “மொத சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தீங்க. கீழ வச்சுட்டு உங்க பேத்தி நடக்க ஆரம்பிச்ச கதையைச் சொன்னீங்க. ஆற அமர அடுத்த இழுப்பு. இதை மட்டும் ஏன் மூச்சு விடாம இழுத்தீங்க?”

பாய் தட்டில் கிடந்த சுருட்டைப் பார்த்தார்.

“சின்னச் சுருட்டு, பாய். அப்படி இழுத்தா சூடேறி எந்த இலையும் கசக்கும். இது உங்களுக்குத் தெரியாததா?”

அவர் தலை குனிந்தார்.

வெந்நீரால் வாயைக் கொப்பளித்தார். அதே கலவையில் இன்னொரு சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

ஒரு இழுப்பு. கீழே வைத்தார். எடுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. எடுக்கவில்லை.

நிதானமாக இன்னொரு இழுப்பு.

சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. அவர் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கும்மா” என்றார். “ஐயோ, எவ்வளவு நல்லாருக்கு! என்ன காரியம் பண்ண இருந்தேன்!”

கதவு தட்டப்பட்டது. முதலாளி தலையை நீட்டினார்.

“என்னம்மா, ரெண்டுல எதுன்னு முடிவாச்சா?”

பிலோமினா பாயைப் பார்த்தாள்.

காஜா மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருட்டைத் தட்டில் வைத்தார்.

“கொஞ்சம் இருங்க முதலாளி. இன்னும் பாதி இருக்கு.”