காளை இறங்கிய குழி

கருங்குளம் ஜமீன்தார் வேங்கடபதிக்குச் சூதாட்டக் கொட்டகையில் பங்கு உண்டு. கூலி கொடுக்கிற களத்துக்கு எதிரிலேயே அதைப் போட வைத்தவரும் அவர்தான். வாங்கின கூலி வீடு போய்ச் சேர்வதே இல்லை.

கிணறு வெட்டுகிற வெள்ளத்தாயியின் புருஷன், அவள் காதுப் பாம்படத்தையே அங்கே வைத்துத் தோற்றான். அவள் நேரே அரண்மனைக்குப் போனாள்.

"சூதாட்டம் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க சாமி!"

ஜமீன்தார் வெற்றிலையைத் துப்பினார். "சட்டம் எதுக்கு? நானா உன் புருஷன் கையைப் பிடிச்சு இழுத்தேன்? தன் காலால நடந்து போனவன் தானே அனுபவிக்கட்டும்."

வெள்ளத்தாயி திரும்பி நடந்தாள்.

மறுநாள், ஜமீன் காளை மேய்ச்சலுக்குப் போகிற வழியோரம், தன் கொல்லையில் ஒரு குழி வெட்டினாள். இறங்கச் சரிவு உண்டு. உள்ளே போனால் திரும்ப இடம் கிடையாது. அடியில் கடலைப் புண்ணாக்கை வைத்தாள். வாசம் பிடித்து வந்த காளை இறங்கியது, மாட்டிக்கொண்டு கத்தியது.

ஜமீன்தார் ஓடி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது.

"என்னடி அநியாயம் இது?"

"நானா சாமி கயிறு பிடிச்சு இழுத்தேன்? தன் காலால நடந்து வந்துச்சு."

"மாட்டைக் குறை சொல்றியா? போற வழியில குழி வெட்டி, ஆசை காட்டி இறக்கினவளுக்குத்தான்டி தண்டனை!"

கூட்டம் மெல்லக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஜமீன்தாரின் முகம் செத்துப்போனது.

"இதுக்குத்தானே நேத்து நானும் சட்டம் கேட்டேன்? விழுந்த என் புருஷனை நான் பார்த்துக்கறேன். காளையை ஏத்திவிட்டு என் குழியையும் மூடிடறேன்."

மண்வெட்டியை அவர் காலடியில் போட்டாள்.

"உங்க குழியை எப்ப மூடறீங்க சாமி?"