செவத்தம்மா வயித்துல ஒரு குடித்தனக்காரன்

ஒரு ஊர்ல ஒரு மூட்டைப்பூச்சி இருந்தா. பேரு செவத்தம்மா. பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்ல ஒரு கட்டில் சந்துதான் வீடு. ஆமா நித்திலா, இதே மாதிரி கட்டில்தான். ம் கொட்டு, இல்லைன்னா பெரியம்மா தூங்கிருவேன்.

"ம்."

கட்டில் பூரா தன் பிள்ளைங்க ஓடணும்னு அவளுக்கு ஆசை. ஆனா அவ வயித்துல ஒரு கிருமி குடியிருந்தான். அவ ஆத்தா வயித்துலேர்ந்தே கூட வந்தவன். அவ சர்ர்ருனு ரத்தம் உறிஞ்சினா போதும், "எனக்கும் பங்கு"ன்னு உள்ளேர்ந்து கத்துவான். "ஓசிச்சோத்து நாயே, பிள்ளைங்களுக்கு மிச்சம் வைப்பியா நீ?"ன்னு அவளுக்குப் பத்திக்கிட்டு வரும்.

அப்புறம் தொண்டைப்புண்ணோட ஒரு ஆளு வந்து ரூம் போட்டாரு. கிருமியக் கொல்ற மாத்திரைய மடக் மடக்னு முழுங்கினாரு. அந்த மருந்து ரத்தத்தோட உள்ள வந்து இவனையும் கொல்லட்டும்னு செவத்தம்மா தேடிப்போய் அவரைக் கடிச்சா. வயிறு கடமுடான்னுச்சு, அப்புறம் கப்சிப். "ஒழிஞ்சான்"னு ஆட்டம் போட்டா.

அப்புறம் முட்டை விட்டா. பொரிக்கல. ரத்தம் பத்தலயோன்னு ஒரு குண்டு மாமா முதுகுல விருந்து சாப்பிட்டு, ஏவ்வ்னு ஏப்பமும் விட்டுட்டு, மறுபடி முட்டை விட்டா. அதுவும் பொரிக்கல. மூணாவது தரம் எல்லாம் சுருங்கியே போச்சு. முட்டை மேல தலைய வச்சு அழுதா. பூச்சின்னாலும் தாய்தான, பாவமா இருக்கு எனக்கு.

"ம்... அப்புறம்?"

அப்போ வயித்து மூலையில ஈனமா ஒரு குரல். உள்ள பெருகிக் கிடந்த அவன் கூட்டத்துல செத்தது போக ஒருத்தன் ஒளிஞ்சு கிடந்திருக்கான். "அடியே, வெறும் ரத்தத்துல எல்லாச் சத்தும் கிடையாது. மிச்சத்த நான்தான் சமைச்சுப் போட்டேன். உன் ஆத்தாளுக்கும் நான்தான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நாயேன்னுட்டா அப்புறம் என்னத்தச் சொல்ல?"

அப்புறம் அவ மாத்திரை போடாத ஆளாப் பாத்துக் கடிச்சா. மொத வாய் அவனுக்குத்தான். அவனும் மெதுவாப் பெருகினான். அடுத்த முட்டைங்க டப் டப் டப்னு பொரிச்சுது. ஒவ்வொரு குஞ்சு வயித்துலேர்ந்தும் பொடிசா ஒரு சத்தம், "எனக்கும் பங்கு."

"பெரியம்மா, முதுகுல அரிக்குது."

அவ பேத்தியா இருக்கும். நீதான் மாத்திரை எதுவும் போடலயே. சொறியாத, ஒரு வாய் பங்கு குடுத்துட்டுக் கண்ண மூடு. கதை முடிஞ்சு கட்டிலுக்கடியில போயிருச்சு.