தொண்ணூற்றாறு போதாது

“அந்தம்மாவுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை இல்ல மேடம். ஸ்கேன் மேசையில இருந்து எழுந்து போயே போயிட்டாங்க!”

கத்தியவர் பொன்னுரங்கம். மருந்துக் கம்பெனியில் தலை நரைத்த பிறகு, கதிரியக்க வேதியியல் கற்றுக்கொள்ள நஸ்ரினிடம் வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

“ஏன் போனாங்க?” என்றார் நஸ்ரின்.

“மருந்து வரலையாம். வராம எங்க போகும்? தொண்ணூற்றாறு சதவீதம் சுத்தம் வந்துடுச்சு. இன்னொரு தடவை சுத்தம் பண்ணினா தொண்ணூற்றொன்பது.”

“எவ்வளவு இருந்தா ஊசி போடலாம்?”

“தொண்ணூற்றஞ்சு. அது சும்மா பாஸ் மார்க் மேடம்.”

“சரி, பண்ணினீங்களா?”

“பண்ணினேன். தொண்ணூற்றொன்பதே வந்துச்சு. அதுக்குள்ள படம் எடுக்கிற அளவுக்கு அதுல கதிர் இல்ல.”

நஸ்ரின் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். போன தடவையும் இதே கதைதான்.

அந்த மருந்து மூளைக்குள் போய், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து சேரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டியிருக்கிறது என்று அதிலுள்ள கதிர் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தக் கதிர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இது பொன்னுரங்கத்துக்குத் தெரியாதா என்ன? கேட்டால் வகுப்பே எடுப்பார்.

அந்தப் பெண்மணியின் மனச்சோர்வு எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. இந்தப் படத்தைத்தான் நம்பியிருந்தார். நாளைக்கு ஒரே ஒரு தடவை வருகிறேன், அதோடு ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“நாளைக்கு நூறே கொண்டு வந்துடறேன், பாருங்க.”

“மேசையில படுங்க சார்.”

“நானா? எதுக்கு?”

“படுங்க.”

படுத்தார். தலை அசையாமலிருக்க முகத்தில் போடும் வலைமூடியை மாட்டி, இரண்டு பக்கமும் இறுக்கினார் நஸ்ரின். பிறகு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

நேரம் போனது. மூக்கு நுனி அரித்தது. முதுகு மரத்துப்போனது.

“மேடம்!”

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. “இதோ ஆச்சு சார். தொண்ணூற்றாறு வந்துடுச்சு.”

“அப்ப வாங்களேன்!”

“இன்னொரு தடவை சுத்தம் பண்ணினா தொண்ணூற்றொன்பது வரும் சார்.”

“மேடம், விளையாடாதீங்க!”

“கொஞ்சம் பொறுமை வேணும்.”

மூக்கு மறுபடி அரித்தது. கழுத்து வலித்தது. கையைத் தூக்கிச் சொறியப் பார்த்தார், வலைமூடிதான் விரலில் பட்டது. பொன்னுரங்கத்துக்கு அழுகையே வரும்போல இருந்தது.

ஒரு வழியாக ஒலிபெருக்கி பேசியது.

“தொண்ணூற்றொன்பது வந்துடுச்சு சார். ஆனா கதிர் போயிடுச்சு. நாளைக்கு வர்றீங்களா?”

“தொண்ணூற்றாறு வந்தப்பவே கொண்டு வந்து தொலைச்சிருக்க வேண்டியதுதானே!”

நஸ்ரின் வந்து வலைமூடியைக் கழற்றினார்.