இளவரசியின் சாளரத்தில் சிரித்தது யார்?

எந்தக் காலமோ, என்ன வருஷமோ, ஆற்றுப் பாய்ச்சலில் செழித்த பூந்துறை நாட்டை மானவீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். அவனுடைய ஒரே மகள், சின்னஞ்சிறு பூமயில், காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். அன்றைக்கே சட்டம் போட்டான்: "இனி இந்த அரண்மனையில் சிரித்தவர் தலை தப்பாது."

அட, சாவைத் தடுக்க முடியாதவன் சிரிப்பைத் தடுக்கப் பார்த்தான்! யார் போய்ச் சொல்வது?

மகள் இருந்த அறைக்குப் பக்கத்திலேயே ராஜா படுக்கையைப் போட்டுக்கொண்டான். விடிந்ததும் விடியாததுமாக, அவள் அறையிலிருந்து யாரோ மெல்லச் சிரிக்கிற சத்தம்! மறுநாளும் அதே சத்தம். சிரித்தவரைப் பிடித்துவரும்படி ராஜா உத்தரவிட்டான்.

நந்தவன அதிகாரி வித்தகராயருக்கு மந்திரி அழகநம்பியைக் கண்டாலே ஆகாது. மந்திரியை முந்திப் பேர் வாங்க வேண்டுமென்று ஓடினார். அந்த அறையிலிருந்து பூமயிலை வளர்த்த செவிலி மூக்காயியை இழுத்துவந்து சபையில் நிறுத்தினார்.

"சாளரத்தடியில் இவள்தான் நின்றாள், அரசே!"

"நீயா சிரித்தாய்?" என்றான் ராஜா.

"நான்தான், சாமி. கொன்றுபோடுங்கள்."

அழகநம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழுதழுது தொண்டை கட்டிப்போன பொம்பளை இவள். இவளா சிரிப்பாள்? அவள் கும்பிட்டபோது மடியிலிருந்து கம்பு மணிகள் சிதறின. சட்டென்று காலால் மறைத்தாள். மந்திரி பார்த்துவிட்டார்.

"அரசே, நாளை விடியும்வரை இவள் உயிரை எனக்குக் கொடுங்கள்."

"விடிந்ததும் தலை போகும்" என்றான் ராஜா.

விடியற்காலையில் எல்லோரும் பூமயில் அறையில் கூடினார்கள். தலை வெட்டுகிற சேவகன் கத்தியோடு நின்றான். மந்திரி ஒரு செம்பை நீட்டினார்.

"அம்மா, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள். ஒரு சொட்டும் சிந்தக்கூடாது."

கிழக்கு வெளுத்தது. சாளரப் பக்கம், தொண்டைக்குள்ளேயே அடக்கிச் சிரிக்கிற மாதிரி, "குக்குரு குக்கூ… குகுகு" என்று கேட்டது. மூக்காயியின் வாய் உப்பியபடியே இருந்தது. கண்ணில்தான் தண்ணீர் வழிந்தது.

"பேய்!" என்று அலறினார் வித்தகராயர்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அதோ பாரும்" என்று சாளரத்தில் இருந்த புறாவைக் காட்டினார் மந்திரி.

"புறாவா? என் நந்தவனத்தில் எத்தனை மணிப்புறா! எதுவும் சிரித்ததில்லையே?"

"மணிப்புறா இதைவிடப் பெரிது, அதற்குப் பிடரியில் புள்ளி. இது ஒல்லிப்பிச்சான், வாலும் நீளம். தொண்டையில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளி, சிறகோரம் சாம்பல் நீலம். தவிட்டுப்புறா, ஐயா! நான் பிறந்த மணல்காட்டில் முள்ளுக்கு முள் இதுதான் உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் அங்கே மழை இல்லை, பிழைக்க வந்திருக்கிறது. கத்தும்போது தொண்டை உப்புகிறதா, பாரும்."

புறா மறுபடி சிரித்தது. தொண்டையும் உப்பியது. வித்தகராயர் முகம் செத்துப்போனது. விட்டாரா?

"சட்டம் சட்டம்தானே அரசே? சிரித்தது புறாவானால் புறா சாகட்டும்!"

ராஜா வில்லை எடுத்தான். மூக்காயி தண்ணீரைத் துப்பிவிட்டு அவன் காலில் விழுந்தாள்.

"வேண்டாம் சாமி! குழந்தை தன் கையால் கம்பு போட்டு வளர்த்த பட்சி. அவளைத் தேடித்தான் தினம் வருகிறது. நீங்கள் கொன்றுவிடுவீர்களென்றுதான் பழியை நான் ஏற்றேன்."

"என் மகளா? அவளுக்கு இதன்மேல் அவ்வளவு ஆசையா?"

மூக்காயி விசும்பினாள். "'எங்கப்பா மாதிரியே சிரிக்குது பாரு'ன்னு சொல்லும், சாமி."

வில் கீழே விழுந்தது. மகள் செத்த அன்றுகூட அழாத ராஜா, அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேவிக்கேவி அழுதான்.

வெகுநேரம் கழித்து ராஜா எழுந்தான். "ராயரே, உமது அதிகாரம் போயிற்று. நாளை முதல் மூக்காயிக்குக் கம்பு புடைத்துக் கொடும்" என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"மாலை வேண்டாம் அரசே. அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள்."

"எடுத்துவிட்டேன்."

அன்றைக்கு அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராஜா மூக்காயியிடம் ஒரு பிடி கம்பு வாங்கிச் சாளரத்துக்கு வெளியே கை நீட்டினான்.

"இன்னொரு தரம் சிரி" என்று கெஞ்சினான். "நான் எப்படிச் சிரிப்பேன் என்று கேட்க வேண்டும்."

புறா அவனைச் சற்றுப் பார்த்தது. பழக்கமில்லாத கை. பறந்துபோய்விட்டது.