மயிலாத்தாவின் கருவேப்பிலைக் கன்னு

ஒரு ஊர்ல, மேகம் எறங்கி வந்து வாசல்ல நிக்கற மலை ஊர்ல, மயிலாத்தா மயிலாத்தான்னு ஒரு புதுப்பொண்ணு இருந்தா. ம் கொட்டு. நீ ம் கொட்டுனாத்தான் கதை நகரும்.

பொள்ளாச்சிப் பக்கம் பொறந்தவ, ஊட்டிக்கு வாக்கப்பட்டு வந்தா. புருஷன் கதிரப்பன் கேரட் லாரி ஓட்டறவன். லாரி கடகடன்னு கீழ எறங்குச்சுன்னா திரும்பி வர நாளாகும். அதுவரைக்கும் வீட்ல இவ, ஒரு அடுப்பு, வாசல்ல ஒரு செடி. என்ன செடி? அவங்க அம்மா வேரோட தோண்டிக் குடுத்த கருவேப்பிலைக் கன்னு. "இது அங்க தழைச்சா நீயும் தழைச்சிருவேடி"ன்னு சொல்லி அனுப்புனா அந்த அம்மா. பெத்தவ ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னா. இவ அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. செடி போச்சுன்னா இந்த ஊர்ல நாமளும் அவ்வளவுதான்னு ஒரு பயம்.

பேச ஆளே கெடையாது. எதிர்வீட்ல மாதம்மான்னு ஒரு அக்கா. பார்க்கும், ஆனா சிரிக்காது. இவளும் கூச்சக்காரி. அதனால பேச்செல்லாம் செடிகிட்டதான். "குளுருதா? தூங்குனியா?"ன்னு கேட்பா. அது என்ன சொல்லும்? ஒண்ணும் சொல்லாது.

அப்புறம் மழைக்காலம் முடிஞ்சு வானம் பளிச்சுன்னு ஆச்சு. ஊர்ல எல்லாரும் மிலாறு, அதான் காஞ்ச குச்சிச் செடி, கட்டுக்கட்டாக் கொண்டாந்து தோட்டத்துல போட்டாங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரல அவளுக்கு.

இவ என்ன பண்ணா, அவங்க ஊர் வழக்கப்படி சாயங்காலம் பொழுதோட இலையெல்லாம் நனைய தண்ணி தெளிச்சா. சளக்கு, சளக்கு. பொள்ளாச்சி வெயிலுக்கு அது சரி. இங்க? ராத்திரி உறைபனி கொட்டி, விடிஞ்சு பார்த்தா இலை பூரா ஐஸு! தொட்டா மொறுக்குனு ஒடையுது. வெயில் ஏறுச்சு, பாதி இலை கருகிப் போச்சு. "ஐயோ, நானே கொன்னுட்டேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

அப்போ ரெண்டாவதா என்ன பண்ணா, ஓடையோரம் பச்சைப்புல்லு அறுத்தாந்து கூடாரமாட்டம் மூடி வச்சா. அந்த வாசனைக்கு வந்தாரு பாரு ஒருத்தரு. யாரு? காட்டெருமை! கறுக்கு, முறுக்கு, கறுக்கு, முறுக்கு. கூடாரத்தையும் தின்னுச்சு, மிச்ச இலையையும் சேத்துத் தின்னுச்சு. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுட்டுப் போயே போச்சு. சிரிக்காதே! அவளுக்குச் சிரிப்பு வரல, பாவம். வெறும் குச்சிதான் நின்னுச்சு.

மூணாவதா, ஊர்க்காரங்களைப் பார்த்துப் பார்த்து அவளும் மிலாறு பொறுக்கியாந்தா. காஞ்சதைக் காட்டெருமை சீந்தாது. பனி படாம பொழுது சாய மூடுவா, வெயில் வர எடுப்பா. தெனமும் அதே வேலை. அம்மா போன்ல கேட்டா, "நல்லாத் தழைச்சிருக்கும்மா"ன்னு சொல்லுவா. சொல்லிட்டு, போனை வச்சுட்டு அழுவா. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் தை மாசம் அவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. எந்திரிக்கவே முடியல. வெளிய காத்து உய்ய்ய்னு அடிக்குது. "இன்னைக்கு மூடலையே, மூடலையே"ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா. புருஷன் லாரியோட கீழ போயிருந்தான், ஒரு வாய் சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஆளில்ல. தனியாக் கெடக்கறப்போ காய்ச்சல் வந்தா வீடு ரொம்பப் பெருசாயிரும் கண்ணு.

காலையில செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்து பார்த்தா, குச்சி மேல மிலாறு! நல்லா அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. சுத்திப் பார்த்தா யாரையும் காணோம். காய்ச்சல் விடற வரைக்கும் அப்படியே நடந்துச்சு.

அப்புறம் மாசி வந்துச்சு, பனி போச்சு. எல்லார் தோட்டத்துலயும் மிலாறை எடுத்தா, உள்ள பச்சைப்பசேல்னு துளுத்திருக்கு. இவளும் எடுத்தா. நகத்தால குச்சியைக் கீறிப் பார்த்தா, பச்சையே இல்ல. லேசா இழுத்தா, பொளக்குனு வேரோட கையில வந்துருச்சு. அங்கேயே மண்ணுல உக்காந்து, "அம்மா"ன்னு வாய்விட்டு அழுதா.

அப்போ எதிர்வீட்டுக் கதவு கிறீச்சுனு தொறந்துச்சு. மாதம்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு.

"நீங்கதான் மூடுனீங்களாக்கா?"ன்னு கேட்டா மயிலாத்தா.

"ஆமா."

"செத்துப்போச்சுக்கா."

"அது மார்கழியிலயே செத்துருச்சும்மா."

"தெரிஞ்சுமா மூடுனீங்க?"

மாதம்மா அந்தக் குச்சியைக் கையில வாங்கிக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு: "என் வீட்லயும் நான் ஒருத்திதான். சாயங்காலமானா நீ அதை மூட வெளிய வருவே. ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பேன். அன்னைக்கு நீ வரல. பயந்துட்டேன்."

"உள்ள வந்து ஒரு எட்டு பார்த்திருக்கலாமேக்கா?"

"நீ என்னைக்குக் கூப்புட்டே?"

மயிலாத்தா முந்தானையில மூக்கைத் தொடைச்சுக்கிட்டா. "இப்போ கூப்புடறேன். வாங்கக்கா"ன்னு சொன்னா. ரெண்டு பேரும் உள்ள போனாங்க. கருவேப்பிலை இல்லாமலே ஒரு ரசம் வச்சு, சுடச்சுடக் குடிச்சாங்க.

என்னது, செடியா? செத்தது செத்ததுதான் தங்கம், அது பொழைக்கல.

கதை அந்த வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. நீயும் கண்ணைச் சாத்து.