யாருமே செய்யாத ஆராய்ச்சி

"எனக்குக் கைராசி இல்ல மேடம். விட்டுடறேன்" என்றார் இருதயராஜ்.

வகிதா மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கடிதம் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

கொண்டு வந்திருந்தார். முனைவர் பட்டத்துக்கான பதிவை ரத்து செய்யச் சொல்லும் கடிதம். மேடம் வாங்கினார், படித்தார், கையிலிருந்த சிவப்புப் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இன்னொரு தரம் யோசியுங்கள் என்றும் சொல்லவில்லை.

இருதயராஜுக்குச் சுருக்கென்றது. கொஞ்சமாவது தடுப்பார் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு அனுப்பறேன். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை என்கூட பாளையங்கோட்டை வரைக்கும் வாங்க."

எதற்கு என்று கேட்டார். ஒருத்தரைப் பார்க்க, என்றார் மேடம். யாரை என்று கேட்டார். மேடம் அடுத்த விடைத்தாளை எடுத்துவிட்டார்.

இருதயராஜுக்கு நாற்பத்தாறு வயது. வழிகாட்டியான மேடம் அவரைவிடச் சின்னவர். இருதயராஜ் அவரை மேடம் என்பார், மேடம் இருதயராஜை சார் என்பார். இருவரும் இதுவரை சண்டை போடாததற்கு இந்த மரியாதைதான் காரணம் என்பது என் எண்ணம்.

நான் யார் என்று கேட்பீர்கள். அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருப்பவன். இயற்பியல். இருதயராஜ் படி இறங்கும்போது மூச்சு வாங்க நிற்பது எங்கள் வாசலில்தான். அப்போது அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இடம் போதாமல் ஐந்து துறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். தரையில் புவி அறிவியல், அதன் மேல் கணினி, அதன் மேல் நிதி, அதன் மேல் நாங்கள், உச்சியில் மரபியல். லிஃப்ட் உண்டு. ஓடிப் பார்த்தவர் யாரும் இல்லை.

வெளியே இரண்டு பேர் சந்தித்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். எங்கள் படிக்கட்டில் "வந்துச்சா?" என்று கேட்போம், ஆராய்ச்சியில் எதிர்பார்த்த முடிவு வந்ததா என்று.

"வரலை" என்பதுதான் பதில்.

நிலநடுக்கத்துக்கு முன்னால் கிணற்று நீர் மாறுமா என்று கீழ்த்தளத்தில் ஒருவர் வருஷக்கணக்காக அளக்கிறார். மாறவில்லை. கணினிக்காரர் எழுதிய நிரலும் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. மழைச் செய்தி கேட்டுப் பங்குச் சந்தை ஏறுமா என்று நிதிக்காரர் பார்த்தார். சந்தை அவரைச் சட்டை செய்யவில்லை. எங்கள் கருவி பூமிக்கு வெளியிலிருந்து வரும் ஒரு துகளுக்காகக் காத்திருக்கிறது. நாங்களும் அதன் பக்கத்தில் காத்திருக்கிறோம்.

வந்ததையெல்லாம் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டுவார்கள். வராததை எங்கே மாட்டுவது? அதைச் செய்தவரோடு படியிறங்கிப் போய்விடும்.

இருதயராஜின் விஷயம் நெல். வேதாரண்யம் பக்கம் அவர் அப்பாவின் வயலில் கடல் ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே எதுவும் முளைக்கவில்லை. நெல்லில் ஒரு மரபணு இருக்கிறது, அதைத் தூண்டிவிட்டால் பயிர் உப்பைத் தாங்கும் என்று இவருக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூட வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். "யாருமே செய்யலை மேடம், எல்லா இடத்துலயும் தேடிட்டேன்" என்று முதல் நாள் சொன்னாராம்.

ஆறு வருஷம். உப்புத் தண்ணீர் விட்டதும் தூண்டிய பயிரும் செத்தது, தூண்டாத பயிரும் செத்தது. மறுபடி நட்டார். மறுபடி செத்தன. தண்ணீரை மாற்றினார், மண்ணை மாற்றினார், விதையை மாற்றினார். கடைசியில் மாற்ற வேண்டியது தன்னைத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

சனிக்கிழமை பேருந்தில் மேடம் அதிகம் பேசவில்லை. போன வாரம் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தாராம். சாப்பாட்டு மேசையில் யாரோ ஒரு பழைய மாணவரின் பேச்சை எடுத்தார்களாம். அவ்வளவுதான் சொன்னார்.

பாளையங்கோட்டையில் அவர்கள் போய் இறங்கிய இடம் ஒரு டிரைவிங் ஸ்கூல்.

உரிமையாளர் பெயர் கோமதிநாயகம். வாசலில் நின்ற காருக்குள் குனிந்து, கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுக்கும்படி ஓர் அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் உள்ளே உட்காரவைத்து டீ வரவழைத்தார். கார் பழக வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்.

மேடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அவர் பழைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார்.

கோமதிநாயகம் கூச்சப்பட்டார். அதெல்லாம் பழைய கதை மேடம், என்றார். நெல்லும் உப்பும்தான், ஒரு மரபணு உண்டு என்று அதன் பெயரையும் சொன்னார்.

இருதயராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதையா? எப்ப?"

"ஆச்சு, பன்னெண்டு வருசம். யாருமே செய்யலன்னுதான் எடுத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. உப்புத் தண்ணி விட்டா எல்லாப் பயிரும் சேந்து செத்துட்டு. நாலு வருசம் பாத்தேன்."

"எந்த ஆய்விதழ்ல எழுதினீங்க?"

"எழுதலயே."

"ஏன்?"

"ஒண்ணுமே வரல, பெறகு என்னத்த எழுத?"

இருதயராஜ் எழுந்துவிட்டார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியவர் இல்லை. அன்று உயர்த்தினார். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் எழுதி எங்கேயாவது போட்டிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனே, என் ஆறு வருஷத்தை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். வெளியே காரில் இருந்த அம்மாள் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

கோமதிநாயகம் கோபப்படவில்லை. இவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களும் அதைத்தான் செஞ்சியளா? உங்களுக்கும் வரலையா?"

"வரலை."

"நல்லாப் பாத்தியளா?"

"எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. வரலை."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப என் கையில கோளாறு இல்லையா?"

கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"நமக்கு இந்த வேலை வராதுன்னு நெனைச்சுத்தான் விட்டேன் சார். இத்தன வருசமும் அப்படித்தான் நெனைச்சிட்டு இருக்கேன்."

அவர் அழுதார். பெரிய மனிதர், நாலு கார் வைத்திருப்பவர், சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். திட்டிக்கொண்டிருந்த இருதயராஜ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பும்போது இருதயராஜ் மேடத்திடம் கேட்டார், இதைக் காட்டத்தான் கூட்டி வந்தீர்களா என்று. மேடம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பாதி திருத்திய விடைத்தாள் கட்டு மடியில் இருந்தது. அது விழாமல் இவர் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வந்தார். எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். வந்துச்சா என்று நான் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். இன்றோடு அந்தக் கேள்வியும் இல்லை, என்றார்.

மேடத்தின் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மேசையில் ரத்துக் கடிதம் அலுவலகத்துக்குப் போகத் தயாராக இருந்தது.

"சார், இவங்க முத்துப்பேச்சி. நம்மகிட்ட சேரணும்னு வந்திருக்காங்க. என்ன எடுக்கப் போறாங்கன்னு நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் விடைத்தாளுக்குத் திரும்பினார்.

முத்துப்பேச்சி எழுந்து வணக்கம் வைத்தாள். விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. மாதக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடப் போகிறாளாம். கைக்குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். வீட்டில் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது, என்று சிரித்தாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். நெல், உப்பு என்று அவள் ஆரம்பித்ததுமே, மேசையில் வைக்க எடுத்த சாவியோடு இருதயராஜ் நின்றுவிட்டார். அதே மரபணுவின் பெயரையும் அவள் சொன்னாள்.

"யாருமே செய்யலை சார். எல்லா இடத்துலயும் தேடிப் பாத்துட்டேன். ஒரு வரிகூட இல்ல."

இருதயராஜ் மேடத்தைப் பார்த்தார். மேடம் மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"செஞ்சிருக்காங்கம்மா. ரெண்டு பேர் செஞ்சிருக்காங்க. வரலை."

அவள் முகம் விழுந்துவிட்டது. நம்பாமல் மேடத்தைப் பார்த்தாள், மறுபடி இவரைப் பார்த்தாள். அப்புறம் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

"எந்த ஆய்விதழ்ல வந்திருக்கு சார்? சொல்லுங்க, குறிச்சுக்கறேன். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துல என் ஃப்ரெண்ட் ஒருத்தி இதையேதான் எடுத்திருக்கா, அடுத்த மாசம் ஆரம்பிக்கறா. அவளுக்கும் அனுப்பணும்."

சிவப்புப் பேனா நின்றது.

இருதயராஜ் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"செஞ்சதுல ஒரு ஆள் நான்தாம்மா. இன்னும் எழுதலை."