நாலு நிமிஷத்துக்கு வசனம்

சாலிகிராமத்தில் ஒரு மாடியில் டப்பிங் கூடம். அதை நடத்துகிற ரெஜினாவுக்கு வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் கற்க வந்த பூவராகனுக்கு ஐம்பத்து மூன்று. குரு என்றால் தலை நரைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்த மாடி ஏறியதில்லை.

பூவராகன் சாதாரண ஆளில்லை. நாற்பது தெலுங்கு அடிதடிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதியவர். அவர் படத்தில் வில்லன் தண்ணீர் கேட்டால்கூட ரத்தம் கேட்கிற மாதிரிதான் கேட்பான். காலம் மாறி, எல்லாரும் கொரியக் காதல் படம் கேட்க ஆரம்பித்தார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் மச்சானுடைய பிளைவுட் கடையில் போய் உட்கார்ந்திருந்தார். அங்கே அவருக்கு உயிரே போனது.

இப்போது ஒரு வாய்ப்பு. தணிகைநாதன் என்ற விநியோகஸ்தர் பத்துக் கொரியப் படங்கள் வாங்கியிருந்தார். முதல் படத்தை வெள்ளிக்கிழமை காலை முப்பது பேருக்குப் போட்டுக் காட்டுவார். ஜனங்கள் பாதியில் எழுந்து போனால் மீதி ஒன்பது படமும் வேறு கூடத்துக்குப் போய்விடும். பூவராகன் பிளைவுட் கடைக்குப் போக வேண்டியதுதான்.

மற்ற காட்சிகளுக்கு டப்பிங் முடிந்திருந்தது. புதன்கிழமை மீதி வசனக் கட்டோடு வந்தார்.

"முடிச்சிட்டேன் மேடம். அந்த ஓட்டல் சீனைத்தான் தேத்தி நிமித்தியிருக்கேன்."

"என்ன பண்ணீங்கண்ணே?"

"நாலு நிமிஷம் ரெண்டு பேரும் வாயே தொறக்கல. ஜனங்க ஆடியோ போயிடுச்சுன்னு கத்துவாங்க. நல்லவேளை, அவன் முதுகுதான் தெரியுது. உதடு தெரியாத எடத்துல நாம என்ன வேணா பேச வைக்கலாமே. பதினோரு வசனம் போட்டுட்டேன்."

டப்பிங் தொழிலில் இது காலங்காலமாக நடப்பதுதான். முதுகு தெரிந்தால் வசனம்.

"படிங்க."

"'பெண்ணே, என் இதயம் ஒரு எரிமலை. அதில் உன் பெயர்தான் நெருப்பு.'"

"யார் சொல்றா?"

"ஹீரோ."

"பஸ் டிரைவர். படத்துல ஒரு மணி நேரமா அந்தப் பொண்ணு பஸ்ல ஏறும்போது தலையைக்கூட நிமிர்த்தல. அவனா?"

பூவராகனுக்குக் கோபம் வந்தது. உள்ளே பயமும் இருந்தது.

"நானும் மூணு தடவை பாத்துட்டேன் மேடம். அவன் பஸ் ஓட்டறான். அவ லாண்டரிக் கடையில துணி மடிக்கிறா. ஒரே ஓட்டல்ல தனித்தனி டேபிள்ல சாப்பிடறாங்க. ஒருநாள் கூட்டம்னு ஒரே டேபிள்ல உக்காருறாங்க. அவ தன் தட்டுலேர்ந்து ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து அவன் சோத்து மேல வைக்கிறா. அவ்வளவுதான். இதுக்குப் போய் ஜனங்க உருகறாங்களாம். இதுல என்னதான் இருக்கு?"

ரெஜினா எழுந்து, குரல் பதியும் பூத்தின் கதவைத் திறந்தாள்.

"உள்ள போங்கண்ணே."

"நானா? நான் ரைட்டர்."

"அந்த நாலு நிமிஷத்துக்கு டிரைவரோட மூச்சு வேணும். நீங்க குடுங்க."

டப்பிங்கில் மூச்சுக்கும் டேக் உண்டு. திரையில் இருப்பவன் இழுத்தால் மைக்கில் இவன் இழுக்க வேண்டும். பூவராகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். படம் ஓடியது.

முதல் டேக்கில் புஸ் புஸ்ஸென்று விட்டார்.

"அண்ணே, அவன் யாரையும் அடிக்கப் போறதில்ல."

ஐந்தாவது டேக்கில் கொட்டாவி மாதிரி வந்தது. எட்டாவது டேக்கில் ரெஜினா நிறுத்தினாள்.

"அவளையே பாத்துட்டு நிக்கிறீங்க. பாக்காதீங்க."

"பாக்காம எப்படி மேடம்?"

"அவனுக்கும் அதே கஷ்டம்தான்."

பதினான்காவது டேக். மதியம் ஆகியிருந்தது. அவருக்குப் பசி. மைக்கையும் மறந்தார், ரெஜினாவையும் மறந்தார். திரையில் அந்தப் பெண் சாப்பிடுகிற குச்சியால் முள்ளங்கித் துண்டை எடுத்தாள். பாதி வழியில் அவள் கை தயங்கியது. பூவராகன் மூச்சு நின்றது. துண்டு சோற்றின் மேல் உட்கார்ந்தது. அப்புறம்தான் மூச்சு வெளியே வந்தது, மெதுவாக, உடைந்து உடைந்து.

ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"மூச்சைப் புடிக்கச் சொல்லி யார் சொன்னா?" என்று கேட்டாள் ரெஜினா.

"யாரும் சொல்லல. அந்தக் கை திரும்பிப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

ரெஜினா அந்த டேக்கையே வைத்துக்கொண்டாள். பூவராகன் பேனாவை எடுத்து எரிமலையில் ஆரம்பித்துப் பதினோரு வசனத்தையும் அவரே அடித்தார். ஒவ்வொன்றும் பெற்ற பிள்ளையை அடித்த மாதிரி வலித்தது.

வெள்ளிக்கிழமை. பிரிவியூ தியேட்டரில் முப்பது பேர். ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல் கம்பெனிப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். தணிகைநாதன் கதவருகே நின்றுகொண்டார். எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று அவரே எண்ணுவார்.

"நாலு நிமிஷம் காலியா விட்டிருக்கீங்களாமே. ஒரு பாட்டையாவது போட்டிருக்கலாமேம்மா."

"படம் முடியட்டும் சார்," என்றாள் ரெஜினா.

முதல் அரை மணியில் இரண்டு பேர் போனார்கள். தணிகைநாதன் பூவராகனைப் பார்த்தார். பூவராகன் காலணிக்குள் விரல்களை மடக்கிக்கொண்டார்.

ஓட்டல் காட்சி வந்தது. தியேட்டரில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நிறுத்தினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். யாரும் ஆடியோ போயிடுச்சு என்று கத்தவில்லை. திரையில் கை நீண்டது, தயங்கியது. முப்பது பேர் இருந்த இடத்தில் இருபத்தெட்டுப் பேரும் மூச்சுவிட மறந்தார்கள்.

துண்டு சோற்றில் விழுந்தது. டிரைவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுடா," என்றார் ஒரு ஆட்டோக்காரர், கெஞ்சுகிற குரலில்.

அவன் எடுத்துச் சாப்பிட்டான்.

விசில் பறந்தது. நாற்பது அடிதடிப் படத்தில் பூவராகன் கேட்காத விசில். தையல் கம்பெனிப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு முள்ளங்கித் துண்டுக்கு. தணிகைநாதன் எண்ணுவதை விட்டுவிட்டு, காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார்.

முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"மீதி ஒன்பதையும் நீங்களே பண்ணுங்க. வசனம் இவரே எழுதட்டும்."

பூவராகன் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஜெயித்த மனுஷன் அப்படித்தான் நிற்பான். வெளியே வந்த ஒரு தையல் கம்பெனி அம்மா அவர் முன்னால் நின்றார்.

"நீங்கதான் வசனமா சார்?"

"ஆமாம்மா."

"அந்த ஓட்டல்ல அந்தப் பொண்ணு சொல்லுவாளே, 'இனிமே தனியா சாப்பிடாதீங்க'ன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். எப்படித்தான் எழுதுறீங்களோ."

அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். பூவராகன் திகைத்துப்போய் ரெஜினா பக்கம் திரும்பினார்.

"மேடம், அப்படி ஒரு வசனம் நான் எழுதவே இல்லையே."

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிடாதீங்கண்ணே," என்றாள் ரெஜினா.